வெளியே சின்னக் காயம், உள்ளே பெரிய ஆபரேஷன்: இரைப்பை, குடல் புற்றுநோய்க்கு நுண்துளை அறுவை சிகிச்சைக்குத் தயாராவது எப்படி

பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "துளை போட்டே எடுத்துடலாமாமே. அப்போ சின்ன ஆபரேஷன்தானே?" வயிற்றுப் புற்றுநோய் அறுவை சிகிச்சை வார்டில் பதினேழு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். இதே கேள்வியை எத்தனையோ படுக்கைகளின் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் சொந்த அக்கா கேட்டபோதுதான் நிதானமாக உட்கார்ந்து முழுப் பதிலையும் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவருக்கும், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கும் இது உதவ வேண்டும்.

சின்னது என்பது தோலில் மட்டும்தான். வயிற்றில் நான்கைந்து இடத்தில் 5 முதல் 12 மில்லிமீட்டர் அளவுக்குத் துளை போடுவார்கள். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம் மாதிரி உயர்த்துவார்கள். ஒரு துளை வழியாகக் கேமரா போகும், மற்றவற்றின் வழியாக நீளமான கருவிகள் போகும். ஆனால் உள்ளே வெட்டி எடுக்கும் குடலின் நீளம், கட்டப்படும் ரத்தக்குழாய்கள், கூடவே எடுக்கப்படும் நிணநீர்க் கணுக்கள், திரும்ப இணைக்கும் வேலை எல்லாம் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் உள்ளவைதான். எடுத்த பகுதியை வெளியே கொண்டுவர 4 முதல் 6 சென்டிமீட்டர் வரை ஒரு வெட்டும் பெரும்பாலும் இருக்கும். "துளைதானே என்றார்கள், இங்கே என்ன தையல்?" என்று மறுநாள் பயந்து கேட்டவர்கள் நிறைய பேர். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

ரோபோட்டிக் என்பதும் இதே முறைதான். இயந்திரம் தானாக எதுவும் செய்வதில்லை. சில அடி தூரத்தில் ஒரு மேடை முன்னால் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் கைவிரல் அசைவைத்தான் இயந்திரக் கைகள் உள்ளே செய்கின்றன.

அப்படியானால் இதில் என்ன லாபம்? வலி குறைவு, குடல் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும், காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு, சில நாள் முன்னதாக வீட்டுக்குப் போகலாம். எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது, மேற்கொண்டு கீமோ தேவைப்பட்டால் உடம்பு அதற்குச் சீக்கிரம் தயாராகிவிடுவது. நோய் குணமாகும் வாய்ப்பு மட்டும் இரண்டு முறையிலும் ஒன்றுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதை வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் இந்த முறை வந்தபோது, துளை போட்ட இடத்திலேயே நோய் திரும்ப வந்த சம்பவங்கள் பதிவாகி மருத்துவர்களே பயந்தார்கள். அதனால் பெரிய ஆய்வுகள் நடந்தன. பெருங்குடலுக்கு 872 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. நோய் திரும்புவதில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. இரைப்பையில் முதல் நிலைப் புற்றுநோய்க்குக் கொரியாவில் 1,416 பேரிடம் நடந்த ஆய்வில், ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் துளை முறையில் 94.2 சதவீதம், திறந்த முறையில் 93.3 சதவீதம். இன்னும் வளர்ந்த நிலையில் இருந்த இரைப்பைப் புற்றுநோய்க்குச் சீனாவில் 1,056 பேரிடம் பார்த்தார்கள். மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் துளை முறையில் 76.5 சதவீதம், திறந்த முறையில் 77.8 சதவீதம். ஏறக்குறைய சமம்தான்.

மலக்குடலில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. 2015இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அந்த இடத்தில் நோய் திரும்பியது இரண்டு குழுவிலும் 5 சதவீதம்தான். ஆனால் அதே வருடம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகளால், எடுத்த பகுதியின் தரம் துளை முறையிலும் அதே அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க முடியவில்லை. இடுப்பெலும்புக்கு நடுவே, குறுகலான இடத்தில், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறை கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டிய வேலை அது. அதனால் மலக்குடல் என்றால் மருத்துவரின் அனுபவத்தைத் தயங்காமல் கேளுங்கள். "ரோபோ இருந்தால்தான் நல்லது" என்று யாராவது சொன்னால் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 2017இல் வெளியான 471 பேர் ஆய்வில், பாதியில் திறந்த முறைக்கு மாற வேண்டியிருந்தது ரோபோவில் 8.1 சதவீதம், ரோபோ இல்லாத சாதாரணத் துளை முறையில் (லேப்ராஸ்கோபி) 12.2 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்பதுதான் கணக்கு சொன்னது. கருவியை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதைப் பிடிக்கும் கை இதே ஆபரேஷனை எத்தனை தடவை செய்திருக்கிறது என்று பாருங்கள்.

தேதி குறிக்கும் முன்

முதலில் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று முழுசாகத் தெரிய வேண்டும். குடலுக்குக் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது), சதைப் பரிசோதனை, நெஞ்சும் வயிறும் சேர்த்து சிடி ஸ்கேன், சிஇஏ என்ற புற்றுநோய்க் குறியீட்டுக்கான ரத்தப் பரிசோதனை. மலக்குடல் என்றால் எம்ஆர்ஐயும் கட்டாயம். கட்டி கீழே, ஆழமாக இருந்தால் முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துச் சுருக்கிவிட்டுத்தான் ஆபரேஷன். அந்தச் சிகிச்சையிலேயே சிலருக்குக் கட்டி முழுசாக மறைந்து, ஆபரேஷன் செய்யாமல் நெருக்கமாகக் கண்காணிப்பதும் உண்டு.

இரைப்பை என்றால் ஒரு படி கூடுதல். வயிற்றின் உட்புற உறையில் கடுகளவு நோய்த்துகள்கள் ஒட்டியிருந்தால் சிடி ஸ்கேனில் தெரியாது. அதனால் நோய் கொஞ்சம் வளர்ந்தது போலத் தெரிந்தால், துளை வழியாகக் கேமராவை மட்டும் விட்டுப் பார்த்து, வயிற்றைக் கழுவிய நீரையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "ஆபரேஷன் என்று கூட்டிப் போனார்கள், பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்" என்று கலங்கி அழுத ஒரு குடும்பத்தை எனக்கு நினைவிருக்கிறது. அது பார்ப்பதற்காக மட்டும் செய்த முதல் படி என்று அவர்களுக்கு யாரும் புரியவைக்கவில்லை. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரைப்பையில் நோய் உட்புற மேலடுக்கோடு மட்டும் நிற்கிறது, சின்னது, புண்ணாகவில்லை என்றால், வாய்வழி எண்டோஸ்கோப் மூலமே சுரண்டி எடுத்துவிடும் வழியும் இருக்கிறது. வயிற்றில் ஒரு துளைகூட வேண்டாம். "எனக்கு அது பொருந்துமா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மறுபக்கம், நோய் தசை அடுக்கைத் தாண்டியிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் கீமோ கொடுப்பது பல இடங்களில் வழக்கம். உடனே வெட்டி எடுக்கவில்லையே என்று பதற வேண்டாம்.

துளை முறை எல்லோருக்கும் பொருந்தாது. கட்டி பக்கத்து உறுப்பில் ஒட்டி வளர்ந்திருந்தால், குடல் அடைத்து வயிறு வீங்கியிருந்தால், குடல் ஓட்டையாகியிருந்தால், பழைய ஆபரேஷன்களால் உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடந்தால், அல்லது வாயு அழுத்தத்தையும் தலைகீழாகச் சாய்த்துப் படுக்க வைப்பதையும் தாங்காத இதயம், நுரையீரல் என்றால் திறந்த முறைதான் பாதுகாப்பு. "உங்களுக்குத் திறந்துதான் செய்ய வேண்டும்" என்று காரணத்தோடு சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

இனி, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். வயிற்றைத் திறந்தால் மருத்துவர் குடலைக் கையால் தடவிக் கட்டியைக் கண்டுபிடித்துவிடுவார். துளை முறையில் விரல் உள்ளே போகாது. சின்னக் கட்டி குடலின் வெளிப்புறத்தில் தெரியவே தெரியாது. அதனால் கொலோனோஸ்கோபி செய்யும்போதே கட்டிக்குப் பக்கத்தில் கறுப்பு மை ஊசி போட்டு அடையாளம் வைக்க வேண்டும். அக்காவுக்கு முதலில் பார்த்த இடத்தில் அதைச் செய்யவில்லை. மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத கட்டி. மறுபடியும் பேதி மருந்து குடித்து, மறுபடியும் கொலோனோஸ்கோபி செய்துகொண்டு மை வைத்தோம். ஏற்கெனவே ரத்தசோகையில் துவண்டிருந்தவளுக்கு அந்த இரண்டாவது தடவை மிகவும் கஷ்டமாக இருந்தது. மறக்காமல் கேளுங்கள்: "மை வைத்தாகிவிட்டதா?"

மருத்துவரிடம் வேறு என்ன கேட்கலாம்? இதே ஆபரேஷன் மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை பேருக்குப் பாதியில் திறக்க வேண்டி வந்தது, இணைப்பில் கசிவு எத்தனை பேருக்கு வந்தது, எனக்கு வயிற்றில் மலம் சேரும் பை வைக்க வாய்ப்பு உண்டா, தற்காலிகமா நிரந்தரமா. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். மலக்குடல் ஆபரேஷன் என்றால் சிறுநீர், தாம்பத்திய உறவு சம்பந்தப்பட்ட நரம்புகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. அதையும் முன்கூட்டியே பேசுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டுவிட்டு, பிறகு என்னிடம் தனியாக வந்து தயங்கித் தயங்கிச் சொன்னவர்கள் பலர்.

இடையில் கிடைக்கும் வாரங்கள்

ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்கும் சில வாரங்களைப் பயத்திலேயே கழித்துவிடுகிறோம். நம் கையில் இருக்கும் நாட்கள் அவை மட்டும்தான். அக்காவின் ஹீமோகுளோபின் 8.4. குடல் கட்டி மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும், அதுதான் காரணம். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினோம், நான்கு வாரத்தில் 10.6 வந்தது. மாத்திரையாகக் கொடுத்திருந்தால் அவ்வளவு வேகமாக ஏறியிருக்காது. ரத்தம் குறைவு என்றால் இதைப் பற்றிக் கேளுங்கள்.

புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தானாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டில் புரதம் கூட்டுங்கள். எடை குறைந்துவிட்ட இரைப்பை நோயாளிகளுக்கு இது மிக முக்கியம். வாயால் போதுமான அளவு இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், குழாய் வழியாகவோ வேறு வழியாகவோ கொடுக்க ஏற்பாடு செய்வார்கள்.

தினமும் நடக்க வேண்டும், லேசாக மூச்சு வாங்கும் வேகத்தில், அரை மணி நேரம். அப்புறம் அந்த மூன்று பந்து மூச்சுக் கருவி. வார்டில் பாதிப் பேர் அதை ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக உறிஞ்சிப் பந்தை மேலே நிறுத்திப் பிடித்தால்தான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும். இதை முன்பே பழகியவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த அன்று சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்காது.

இன்னும் இரண்டு பயிற்சி. படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருபக்கமாகத் திரும்பி, காலைக் கீழே போட்டுக்கொண்டே கையை ஊன்றி எழப் பழகுங்கள். தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமப் பழகுங்கள். வலி இல்லாத நாட்களில் பழகியதுதான் வலி உள்ள நாளில் கைகொடுக்கும்.

பை வைக்க வாய்ப்பு இருந்தால், எந்த இடத்தில் என்று ஆபரேஷனுக்கு முன்பே வயிற்றில் குறி வைக்க வேண்டும். உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்து, மடிப்பு விழாத, இடுப்புப்பட்டி அழுத்தாத, நீங்களே குனிந்து பார்க்க முடிகிற இடமாக அது இருக்க வேண்டும். ஸ்டோமா நர்ஸ் (பை பராமரிப்புக்கென்றே பயிற்சி பெற்றவர்) இருந்தால் அவர் செய்வார். இல்லை என்றால் மருத்துவரிடம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். மயக்கத்தில் படுத்திருக்கும்போது வைத்த குறி, எழுந்து உட்காரும்போது மடிப்புக்குள் போய்விடும். பிறகு மாதக்கணக்கில் பை கசிந்து தோல் வெந்துபோகும்.

முந்தின நாளும் அந்த நாளும்

குடல் ஆபரேஷன் என்றால் பேதி மருந்தும் சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் கொடுக்கலாம். வயிற்று முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி நுழையும். தேவை என்றால் அங்கேயே இயந்திரத்தால் வெட்டிவிடுவார்கள். நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்ற பழைய பழக்கம் மாறிவிட்டது. திட உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை, தெளிவான திரவம் இரண்டு மணி நேரம் முன்பு வரை என்பதுதான் இப்போது பெரும்பாலும் பின்பற்றுவது. ஆனால் இரைப்பை வாய் அடைத்திருந்தால் இது பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள் மயக்க மருத்துவர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. துளை முறை ஆபரேஷன் திறந்த முறையைவிட அதிக நேரம் எடுக்கும். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஆகலாம். நேரம் போகப் போக உள்ளே ஏதோ கோளாறு என்று நினைத்துப் பதறாதீர்கள். "திறந்துதான் செய்ய வேண்டியிருந்தது" என்று மருத்துவர் வந்து சொன்னாலும் அது தோல்வி இல்லை. ரத்தம் கசிந்தோ, ஒட்டல் அதிகமாகியோ, இடம் தெளிவாகத் தெரியாமலோ போனால், பிடிவாதமாகத் துளையிலேயே தொடர்வதுதான் ஆபத்து. இந்த முறை புதிதாக இருந்த காலத்தில் நடந்த பிரிட்டன் ஆய்வில், துளையில் தொடங்கியவர்களில் 29 சதவீதம் பேருக்குத் திறக்க வேண்டியிருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் கையெழுத்து போடும்போது இரண்டுக்கும் சேர்த்து மனதைத் தயார் செய்துகொண்டுதான் போட வேண்டும்.

கண் விழித்த பிறகு

விழித்ததும் பலர் சொல்லும் முதல் வலி வயிற்றில் இல்லை, தோள்பட்டையில். வயிற்றில் மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்தும். அந்த நரம்பு தோளோடு தொடர்புடையது. மாரடைப்போ என்று பயந்து உறைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். நடக்க நடக்க ஒன்றிரண்டு நாளில் குறைந்துவிடும். ஆனால் நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல் கூடவே வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

அன்று மாலையே உட்கார வைப்போம், மறுநாள் நடக்க வைப்போம். கொடுமைப்படுத்துகிறார்கள் என்று தோன்றும். ஒவ்வொரு நடையும் நுரையீரலுக்கும், காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், குடல் விழிக்கவும் உதவுகிறது. வலி மருந்தை வலி உச்சத்துக்குப் போன பிறகு கேட்காதீர்கள். நேரத்துக்கு எடுத்துக்கொண்டால்தான் நடக்க முடியும், ஆழமாக மூச்சு விட முடியும். குடல் ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சூயிங்கம் மெல்லக் கொடுப்பதும் உண்டு. வாய் மெல்லும்போது சாப்பாடு வருகிறது என்று குடல் அசையத் தொடங்கும். முதல் தடவை காற்றுப் பிரிந்ததைக் கேட்டால் வார்டில் நாங்கள் எல்லோரும் சந்தோஷப்படுவோம். சொல்ல வெட்கப்படாதீர்கள், அது எங்களுக்கு வேண்டிய தகவல்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, புற்றுநோய் ஆபரேஷன் என்றால் பலருக்கு நான்கு வாரம் வரை தொடரும். வீட்டுக்கு வந்த பிறகும் தொடர வேண்டுமா என்று கேட்டு, யார் போடுவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கசிவு: இதை இரண்டு தடவை படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

குடலை வெட்டி இணைத்த இடம் சிலருக்குச் சரியாக ஆறாமல் கசியும். மலக்குடலில் கீழே போட்ட இணைப்புக்கு இந்த வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தெரியும், சிலருக்கு அதற்குப் பிறகும். திறந்த ஆபரேஷன் காலத்தில் இந்த நாட்களில் நோயாளி வார்டிலேயே இருப்பார், நாங்கள் கவனித்துவிடுவோம். இப்போது நான்காம் நாள், ஐந்தாம் நாளே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் எங்கள் கண் இருந்த இடத்தில் உங்கள் கண் இருக்க வேண்டும்.

எனக்கு மறக்காத ஒருவர். ஐந்தாம் நாள். காய்ச்சல் இல்லை, காயம் சுத்தம், முந்தின நாள் சிரித்துக்கொண்டு நடந்தவர். அன்று காலை விக்கல், படுக்கையில் நிலைகொள்ளாமை, நாடி 116. "எங்க வலின்னு சொல்லத் தெரியல சிஸ்டர், என்னமோ சரியில்ல" என்றார். அந்த "என்னமோ சரியில்ல" என்பதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். உடனே மருத்துவருக்குச் சொன்னேன். சிடி ஸ்கேனில் கசிவு தெரிந்தது. அன்று இரவே மறுபடியும் ஆபரேஷன், தற்காலிகமாகப் பை. மூன்றாவது வாரம் தானே நடந்து வீட்டுக்குப் போனார். காய்ச்சல் வரட்டும் என்று ஒரு நாள் பொறுத்திருந்தால் இப்படி முடிந்திருக்காது.

அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு வாரத்துக்குக் காலையும் மாலையும் வெப்பநிலை, ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு, காற்றுப் பிரிந்ததா, வாந்தி உண்டா என்று எழுதுங்கள். நாடி 100க்கு மேலேயே நிற்பது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குறைந்துகொண்டு வந்த வலி திரும்பக் கூடுவது, வயிறு உப்பிக் கல்லாகிப் போவது, வாந்தி, சிறுநீர் குறைவது, ஆள் ஒரு மாதிரி குழம்பிப் பேசுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அப்படியே. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" வேண்டாம். வார்டின் நேரடித் தொலைபேசி எண்ணை வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

வீட்டில்

வெளியில் காயம் சின்னதாக இருப்பதால் வரும் ஆபத்து ஒன்று உண்டு. நோயாளிக்கே ஆபரேஷன் செய்துகொண்டது மறந்துவிடும். அக்கா பதினோராம் நாள் ஈரத்துணி வாளியைத் தூக்கினாள். "வலிக்கவே இல்லடி, அதான் தூக்கிட்டேன்" என்றாள். குடலை வெளியே எடுத்த அந்த ஐந்து சென்டிமீட்டர் வெட்டு தொப்புளுக்குக் கீழே. இரண்டு மாதம் கழித்து அங்கே மெத்தென்று ஒரு புடைப்பு. ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். கீமோ எல்லாம் முடிந்த பிறகு அதற்கென்று தனியாக இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்தும் தடுக்காமல் விட்டேனே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆறு வாரத்துக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். குழந்தையையும்தான்.

இரைப்பையை எடுத்தவர்களுக்குச் சாப்பிடுவதையே புதிதாகப் பழக வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் விட்டுக் குடிக்க வேண்டும். இனிப்பு அதிகம் சாப்பிட்டால் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு கலங்கும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை குறைந்து கைகால் நடுங்கும். உணவு சட்டென்று சிறுகுடலுக்குள் இறங்கிவிடுவதால் வருவது இது. அளவையும் இனிப்பையும் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்குப் பி12 சத்து ஊசியாகவோ அதிக அளவு மாத்திரையாகவோ வாழ்நாள் முழுதும் வேண்டும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரிய வருடங்கள் ஆகும். அதற்குள் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காலண்டரில் எழுதி வையுங்கள்.

மலக்குடல் ஆபரேஷனில் சிறுகுடலில் தற்காலிகப் பை வைத்திருந்தால், மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உடம்பு வேகமாக வற்றிவிடும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் போதாது. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பையை மூடிய பிறகும் சில மாதங்களுக்கு அடிக்கடி மலம், அவசரம், அடக்க முடியாமை இருக்கும். பொறுமையும் மருந்தும் இடுப்புத்தசைப் பயிற்சியும் உதவும். சொல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்காதீர்கள்.

ரிப்போர்ட்டைப் படியுங்கள்

ஒரு வாரம், பத்து நாளில் எடுத்த பகுதியின் பரிசோதனை அறிக்கை வரும். நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை என்று இருக்கிறதா பாருங்கள். எத்தனை நிணநீர்க் கணுக்களை ஆராய்ந்தார்கள் என்று பாருங்கள். பெருங்குடலுக்குக் குறைந்தது 12, இரைப்பைக்கு 16 என்பது பொதுவான அளவுகோல். குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே கீமோ, கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு எண்ணிக்கை குறைவாக வருவது சகஜம். கட்டியின் மரபணுத் தன்மையைப் பார்க்கும் எம்எம்ஆர் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். மேற்கொண்டு எந்த மருந்து என்பதும், குடும்பத்தில் மற்றவர்களைப் பரிசோதிக்க வேண்டுமா என்பதும் அதைப் பொறுத்தது.

அக்காவுக்கு 19 கணுக்கள் எடுத்ததில் ஒன்றில் நோய் இருந்தது. அதனால் மூன்றாம் நிலை. அவள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாவது வாரம் கீமோ தொடங்கினோம், மூன்று மாதம் நடந்தது. எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது என்பார்கள். துளை முறையின் உண்மையான பலனை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். ஐந்தாவது வாரத்தில் அவளால் மாடிப்படி ஏற முடிந்தது.

அப்புறம் கண்காணிப்பு, ஐந்து வருடம். முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிஇஏ, இடையிடையே சிடி ஸ்கேன், ஒரு வருடம் முடிந்ததும் கொலோனோஸ்கோபி. "நல்லாத்தான் இருக்கேன்" என்று தேதியைத் தள்ளிப்போட அக்கா பார்த்தாள், நான் விடவில்லை.

பெருங்குடல் புற்றுநோய் வந்தவரின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, இரண்டில் எது முந்தியதோ அப்போதே கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். அக்காவுக்குத் தெரிந்தது 52 வயதில். எனக்கு அப்போது 47. அவளுடைய மூன்றாவது கீமோ முடிந்த வாரம் நானும் போய்ப் பேதி மருந்து குடித்துப் படுத்தேன். குடலின் உள்சுவரில் ஒரு பாலிப், அதாவது சின்னச் சதை வளர்ச்சி இருந்தது, எட்டு மில்லிமீட்டர். அங்கேயே எடுத்துவிட்டார்கள். இப்போது அக்கா பிள்ளைகள் இரண்டு பேரின் நாற்பதாவது பிறந்தநாளும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.